ஐயா தெளிவாக இருக்கும் நேரம்

காமயகவுண்டன்பட்டி,
20 ஆகஸ்ட், ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுவேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். டெல்லிக்குத் திரும்பிய பிறகு உங்கள் இருமல் தேவலையா?

போன வாரம் ஊருக்கு வந்தபோது என்னை மட்டும் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், "ஐயாவுக்கு ஞாபகம் தப்புது ஆத்தா. டெல்லியில பெரிய டாக்டர் ஒருத்தர்ட்டச் சொல்லியிருக்கேன். ஊர்ல எப்படி இருக்காகன்னு தெரிஞ்சாத்தான் மருந்து குடுக்க முடியும்ங்கிறாரு. நீ பாத்து எழுது" என்றீர்கள். பிளஸ் ஒன் படிக்கிற என்னிடம் இதுவரை யாரும் இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்ததில்லை. சுருளிராஜன் ஐயா டெல்லியில் எம்.பி.யாகவும் நீங்கள் அவருடைய பி.ஏ.வாகவும் இருக்கலாம்; எங்களுக்கு அவர் அடுத்த தெருக்காரர். அப்பா இருபத்தெட்டு வருடமாகக் கட்சியில் அவர் கூடவே இருக்கிறார். பார்லிமெண்ட் நடக்காத நாட்களில் பாதி நாள் ஐயாவுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அதனால் என்னால் பக்கத்திலிருந்து பார்க்க முடியும்.

வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஐயா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. கை கழுவிவிட்டு, திராட்சைக்கு மருந்து அடிப்பதைப் பற்றி அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டு, "மகாலட்சுமி, பசிக்குது ஆத்தா, இலையப் போடு" என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையை அசைத்தார். அம்மா மறுபடி இலை போட்டுச் சோறு வைத்தாள். மூன்று வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னமோ இன்னைக்கு இறங்க மாட்டேங்குது" என்று எழுந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு, போன வருடம் இதே தேதியில் பெரியாறு அணையில் எத்தனை அடி தண்ணீர் இருந்தது என்று பேப்பரைப் பார்க்காமலே சொன்னார். அப்பா பேப்பரை எடுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. நான் கவனித்தவரை காலை பத்து மணி வரை தெளிவு. வெயில் சாயச் சாயக் குழப்பம்.

இதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்பு மருமகள்,
யுவராணி


புது டெல்லி,
2 செப்டம்பர்.

அன்பு மருமகள் யுவராணிக்கு,

மாமன் சுரேஷ்கண்ணன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருமல் கூடவே குடியிருக்கிறது, காலி பண்ணச் சொன்னால் கேட்பதில்லை. அக்கா, மச்சான் சுகம்தானே?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் கொண்டுவந்து கொடுக்கும் குறிப்புகளைவிட நன்றாக இருந்தது. இனி ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் வேண்டும்: தேதி, மணி, பக்கத்தில் இருந்தவர்கள். 'பாவமாக இருந்தது' என்பது போன்றவை வேண்டாம், டாக்டருக்கு அது பயன்படாது. காலையில் தெளிவாக இருப்பதைத் தனித்தாளில் எழுது. மற்றதைத் தொடர்ச்சியாக எழுது. இரண்டையும் கலக்காதே.

போனில் சொல்ல வேண்டாம், பக்கத்தில் யாராவது இருப்பார்கள். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஐயா என்றால் அவருக்கு உயிர், தாங்கமாட்டார். எம்.பி. குவார்ட்டர்ஸுக்கு எழுதாமல் என் அறை முகவரிக்கு எழுது. என் பதில் எப்போதும் இப்படிப் புத்தகப் பார்சலுக்குள் வரும். இந்த முறை ஓர் அகராதி வைத்திருக்கிறேன்.

நன்றாகப் படி. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

மாமன்


காமயகவுண்டன்பட்டி,
24 செப்டம்பர், ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு,

அகராதி கிடைத்தது. அட்டை போட்டுவிட்டேன். எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் இரண்டு நாள் காய்ச்சல் இருந்து விட்டது. உங்கள் இருமலுக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னாள்.

16 செப்டம்பர், சனி, மாலை ஆறு மணி. இடம்: அல்லிநகரத்தில் ஒரு கல்யாண மண்டபம். கட்சிக் கூட்டம். உடன் இருந்தவர்கள்: அப்பா, நான், சுமார் முந்நூறு பேர். ஐயா நன்றாகப் பேசி முடித்து நன்றி சொன்னார். ஆனால் உட்காரவில்லை. "பெரியோர்களே, தாய்மார்களே" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்பா உடனே எழுந்து பலமாகக் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அப்பா ஐயாவின் தோளைத் தொட்டு உட்கார வைத்துவிட்டார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அப்பாவிடம் இன்னொரு வழி இருப்பதையும் கண்டுபிடித்தேன். யாராவது ஐயாவை நோக்கி வந்தால் அப்பா முந்திக்கொண்டு, "வாங்க கிறிஸ்டோபரண்ணே, போடி ஜவுளிக்கடையில யாவாரம் எப்படி?" என்று சத்தமாகக் கேட்கிறார். அதைக் கேட்டுவிட்டு ஐயா, "ஏலே கிறிஸ்டோபரு" என்று கட்டிப்பிடிக்கிறார். வந்தவர், ஐயா என் பேரைச் சொன்னார் என்று சந்தோஷமாகப் போகிறார். அன்றைக்கு மட்டும் பதினேழு பேருக்கு இப்படிச் செய்தார், எண்ணினேன். என் அப்பா இவ்வளவு புத்திசாலி என்று எனக்கு இதுவரை தெரியாது.

காலைக் குறிப்புகள் ஐந்து, தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். பி.ஏ. என்றால் சரியாக என்ன வேலை? தோழிகள் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பனிக்கு முன்பே கம்பளி வாங்கிவிடுங்கள்.

அன்பு மருமகள்,
யுவராணி


புது டெல்லி,
11 அக்டோபர்.

அன்பு மருமகளுக்கு,

அக்காவுக்குக் காய்ச்சல் விட்டது பற்றி மகிழ்ச்சி. கஷாயம் குடித்தேன், தொண்டை எரிந்ததுதான் மிச்சம்.

பி.ஏ. வேலை என்ன என்று கேட்டாய். யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. பதினாறு வருடத்துக்கு முன் பி.காம். முடித்துவிட்டு போடியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். உன் அப்பாதான் ஐயாவிடம் கூட்டிப்போனார். முதல் வேலை, வருகிற மனுக்களை வாங்கி நோட்டில் ஏற்றுவது. அடுத்து, பதில் டைப் அடிப்பது. 'ஆவன செய்யப்படும்' என்று அடித்தால் ஒன்றும் நடக்காது. 'உடன் பேசவும்' என்று அடித்தால் நடக்கும். எதற்கு எது என்று ஐயா கண்ணால் காட்டுவார். அடுத்து ரயில் டிக்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சிபாரிசுக் கடிதம். அதன்பின் டெல்லி.

இப்போது அவர் சபையில் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நான் எழுதுவது. மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்களைப் பற்றிப் போன வருடம் பேசினாரே, எல்லாப் பேப்பரிலும் வந்ததே, அதில் ஒரு வரியும் அவருடையது இல்லை. நான் மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து வாயசைத்துக்கொண்டிருந்தேன். கீழே எல்லோரும் அவருக்காக மேசையைத் தட்டினார்கள். இதை உன் தோழிகளிடம் சொல்ல வேண்டாம்.

மச்சான் பேர் எடுத்துக் கொடுப்பதைப் பற்றி எழுதியது மிகவும் உபயோகமானது. அதை இன்னும் கவனி. ஐயா சமீபத்தில் கையெழுத்துப் போட்ட தாள் ஏதாவது கிடைத்தால் அனுப்பு. எழுத்தைப் பார்த்தே டாக்டர் நோயைச் சொல்லிவிடுவாராம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமன்


காமயகவுண்டன்பட்டி,
5 நவம்பர், ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே மழை. எல்லோரும் சுகம். நீங்கள் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட தாள் இத்துடன் இருக்கிறது. கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசுக்குக் கொடுத்த சான்றிதழ் அது. 28 அக்டோபர், சனி, மாலை நாலரை மணி, பள்ளி மேடை. உடன் இருந்தவர்: இவாஞ்சலின் டீச்சர். ஐயா தன்னுடைய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலைமையாசிரியர் இடத்திலும் போட்டார். அதன் கீழே 'ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு' என்று எழுதினார். டீச்சர் வேறு சான்றிதழ் எழுதித் தருவதாகச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று இதையே வாங்கிக்கொண்டேன். டாக்டர் பார்த்த பிறகு பத்திரமாகத் திருப்பி அனுப்புங்கள்.

நேற்று ஐயா வீட்டுக்கு முறுக்கு கொண்டுபோனேன். கஸ்தூரியம்மா தனியாக இருந்தார்கள். டெல்லி டாக்டர் மருந்து ஏதும் கொடுத்தாரா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "எந்த டாக்டரு? போன பங்குனியில மதுரையில ஒருத்தர்ட்டக் காட்டினதோட சரி. மாத்திரை எழுதிக் குடுத்தாக. எலெக்சன் வருது, வெளிய தெரிஞ்சா அசிங்கம், பெறகு பாத்துக்கலாம்னு உன் மாமன்தான் நிறுத்தி வச்சிருக்கான்" என்றார்கள். அவர்களுக்குத் தெரியாமல் நீங்கள் டெல்லியிலேயே ஏற்பாடு செய்கிறீர்கள் என்று புரிந்துகொண்டு நான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் என்ன சொன்னார்? மருந்து எப்போது வரும்? ஐயா குணமானால் அப்பா மறுபடி சிரிப்பார்.

அன்பு மருமகள்,
யுவராணி


காமயகவுண்டன்பட்டி,
3 டிசம்பர், ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா? உங்களிடமிருந்து பார்சல் வராததால் இருமல் அதிகமாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் அம்மாவோடு ஞாயிறுதோறும் போனில் பேசுகிறீர்கள். இன்று காலைகூட நீங்கள் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

டாக்டர் பெயர் என்ன என்று மட்டுமாவது எழுதுங்கள். இந்த மாதக் குறிப்புகள் ஒன்பது, காலைக் குறிப்புகள் ஆறு இத்துடன் உள்ளன.

யுவராணி


(அச்சடித்த பொங்கல் வாழ்த்து அட்டை. முன்பக்கம் கரும்பு, பானை. ஓரத்தில் சிறியதாக ஐயா. நடுவில் பெரியதாக மாமா.)

12 ஜனவரி

அன்பு மருமகளுக்கு,

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. கிடைத்தவை போதும் என்று சொல்லிவிட்டார்கள், இனி எழுத வேண்டாம். உன் கடிதங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

மாமன்


காமயகவுண்டன்பட்டி,
24 மார்ச், ஞாயிறு.

மாமாவுக்கு,

அம்மா சுகம். மற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

19 மார்ச், செவ்வாய். சென்னையில் கட்சி ஆபீஸில் நேர்காணல். மறுபடியும் எம்.பி. சீட்டுக் கேட்டு ஐயா போனார். அப்பா உடன் போனார். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். உள்ளே கூப்பிட்டது மாலை ஐந்தரைக்கு. 20ஆம் தேதி அப்பா திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னதை நான் அடுப்படியில் இருந்து கேட்டேன்.

"நாலு பேரு உக்காந்திருந்தாக. மேசை மேல ஜெராக்ஸ் கட்டு. ஒருத்தன் எடுத்து வாசிக்கிறான், ஒரு மணிக்குச் சாப்பிட்டார், ரெண்டு மணிக்கு மறுபடி இலை போடச் சொன்னார்னு. ஐயா சிரிச்சாக. யாரைப் பத்தி வாசிக்கிறீகன்னு அவுகளே கேட்டாக. தொகுதியில இருக்கிற ஆறு ஊருப் பேரச் சொல்லுங்கன்னான். நாலு சொன்னாக. பெறகு என் மூஞ்சியப் பாத்தாக. நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள, பேரு எடுத்துக் குடுக்கிறவரு நீங்கதானே, பதினேழு பேரு, அதுவும் இதுல இருக்குன்னு அந்தப் பய சொல்லிட்டு, என்னைய வெளிய போகச் சொல்லிட்டான்."

பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். நேர்காணல் முடிந்து ஐயா கையில் கொடுத்தனுப்பிய அந்த ஜெராக்ஸ் கட்டை மேசையில் வைத்தார். "இது உன் எழுத்துதானா ஆத்தா?"

"ஆமாப்பா."

"இதுல எழுதினதுல பொய்யி எதுவும் இருக்கா?"

"இல்லப்பா. டாக்டருக்குன்னு மாமா கேட்டாக."

அப்பா கொஞ்ச நேரம் தாளைத் தடவிக்கொண்டிருந்தார். "நல்லா எழுதியிருக்க" என்றார். அதன்பின் என்னிடம் பேசவில்லை.

கட்டை எண்ணினேன். இருபத்திரண்டு தாள். என் சான்றிதழும் அதில் இருக்கிறது. காலைக் குறிப்புகள் ஒன்றுகூட இல்லை. ஐயா அணைத் தண்ணீரைச் சரியாகச் சொன்னது இல்லை. 'பாவமாக இருந்தது' என்ற வரியை வெள்ளைத்தாள் வைத்து மறைத்து ஜெராக்ஸ் எடுத்திருக்கிறீர்கள்.

21ஆம் தேதி டி.வி.யில் வேட்பாளர் பட்டியல் வந்தது. உங்கள் பெயரைச் சொன்னதும் தெருவில் வெடி போட்டார்கள். அம்மா சந்தோஷத்தில் அழுதாள். அப்பாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மூன்று கேள்விகள். டாக்டர் என்று ஒருவர் உண்டா? ஒன்பது மணியை ஐந்தரையாக மாற்றியது யார்? ஐயாவுக்கு வைத்தியம் எப்போது?

யுவராணி


தேனி,
31 மார்ச்.

அன்பு மருமகளுக்கு,

பிரசார வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன். தொண்டை போய்விட்டது, மற்றபடி சுகம். இதைக் கொண்டுவரும் ஜெபராஜ் நம்ம பையன், என் உதவியாளர். பதிலை அவரிடமே கொடு.

டாக்டரிடம் போனில் ஒருமுறை கேட்டது உண்மை. இந்த நோய்க்கு மருந்து இல்லை என்றார். நேர்காணல் நேரம் கட்சி ஆபீஸ் வைத்தது. நீ உண்மையை எழுதினாய், நான் உண்மையைக் காட்டினேன். இதில் யார் தப்பு? அவரை இன்னும் அஞ்சு வருடம் அந்த நாற்காலியில் உட்கார வைத்து, நான் மேலேயிருந்து வாயசைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறாயா? பதினாறு வருடம் ஆத்தா. எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது.

மச்சான் வேனில் ஏறவில்லை. கர்ணன் எங்கே, கர்ணன் எங்கே என்று போகிற ஊரெல்லாம் கேட்கிறார்கள். அக்கா மட்டும் வந்தால் போதாது. நீ சொன்னால் கேட்பார்.

இன்னொன்று. ஐயா என் தலையில் கை வைத்து ஆசி சொல்வதுபோல் ஒரு படம் வேண்டும். பழைய ஆட்களின் ஓட்டு அதில்தான் இருக்கிறது. காலையில் தெளிவு என்று எழுதியிருந்தாய். இப்போதும் அப்படித்தானா? நேரம் குறித்து அனுப்பு.

மாமன்


காமயகவுண்டன்பட்டி,
4 ஏப்ரல்.

மாமாவுக்கு,

அப்பாவிடம் நான் எதுவும் சொல்ல முடியாது, அவர் என்னோடு பேசுவதில்லை.

ஐயாவுக்கு இப்போது காலையிலும் தெளிவு இல்லை. காலை, மதியம், மாலை எல்லாம் ஒன்றுதான். யார் வந்தாலும் அடையாளம் தெரியவில்லை. நீங்கள் வந்து பயன் இல்லை. படம் எடுக்க ஆள் அனுப்புவதற்குப் பதில் மதுரையில் முன்பு பார்த்த டாக்டரிடம் அழைத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள். கஸ்தூரியம்மாவால் தனியாக முடியவில்லை.

யுவராணி


தேனி,
6 மே.

அன்புடையீர்,

நலம், நலமறிய ஆவல். தங்கள் 4.4 தேதியிட்ட மனு கிடைக்கப்பெற்றோம். மருத்துவ உதவி தொடர்பாகத் தாங்கள் கோரியுள்ள பொருள் குறித்து ஆவன செய்யப்படும்.

இப்படிக்கு,
ஜெபராஜ்
(வேட்பாளர் சுரேஷ்கண்ணன் அவர்களுக்காக)


அனுப்புநர்:
க. யுவராணி,
காமயகவுண்டன்பட்டி.

பெறுநர்:
நாடாளுமன்ற உறுப்பினர் சுரேஷ்கண்ணன் அவர்கள்,
தேனி.

நாள்: 5 ஜூன், புதன்.

பொருள்: நேற்று மாலை ஐயா வீட்டில் நடந்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் வெற்றி பெற்றதற்கு அம்மாவின் சார்பில் வாழ்த்துகள். தங்களுக்காக வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுத்ததில் அவள் உள்ளங்கையில் வந்த கொப்புளங்கள் ஆறிவிட்டன. அப்பா உடம்பு நலம்.

முதலில் ஒரு திருத்தம். நான் 4 ஏப்ரல் கடிதத்தில் எழுதியது பொய். நான் தங்களுக்கு எழுதிய ஒரே பொய் அதுதான். ஐயா இன்னும் காலையில் தெளிவாகத்தான் இருக்கிறார். நேரத்தைச் சொல்லாவிட்டால் தாங்கள் வரமாட்டீர்கள், அவரை விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

நேற்று, 4 ஜூன், செவ்வாய், காலை எட்டு மணி. ஐயா, அப்பா, கஸ்தூரியம்மா, நான். ஐயா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டு, "கர்ணா, இன்னைக்கு எண்ணுறாக. சுரேஷு ஜெயிச்சுருவான். ஜெயிச்சதும் நேரா இங்கனதான் வருவான், எனக்கு மாலை போட" என்றார். பிறகு, "வந்தான்னா வாசலோட அனுப்பிரு. அவன நான் பாக்க மாட்டேன்" என்றார். கஸ்தூரியம்மா காப்பி கொண்டுவந்தார்கள். ஐயா வாங்கிக் கீழே வைத்தார். "என்னையக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்லே" என்றார். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

மாலை ஆறு இருபது. தாங்கள் வந்தீர்கள். எட்டு கார், மேளம், இரண்டு டி.வி.க்காரர்கள். காரில் தங்கள் பக்கத்தில் அம்மா. அப்பா வாசலை மறித்து நின்று, "மாப்ள, ஐயாவுக்கு மேலுக்கு முடியல. பாக்கணும்னா நாளைக் காலைல எட்டு மணிக்கு வாங்க" என்றார். தங்களைக் காலையில் வரச் சொன்னால் ஐயாவே திருப்பி அனுப்பிவிடுவார் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். தாங்கள், "காலைல வந்தா மட்டும் என்ன மச்சான், எல்லா நேரமும் ஒண்ணுதானாமே" என்றீர்கள். சொல்லும்போது என்னைப் பார்த்தீர்கள். அப்பாவும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

ஆறரை மணி. கூடத்தில் டி.வி.க்காரர்கள் இரண்டு பெரிய விளக்குகளைப் போட்டார்கள். ஐயா கண் கூசி எழுந்து நின்றார். தங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதையும் எழுத வேண்டும்.

"ஏலே சுரேஷு, எங்கலே போயிட்ட? இவ்வளவு பேரு வந்திருக்காக, ஒத்த ஆளா நிக்கிறேன். எண்ணி முடிச்சுட்டாகளா?"

"முடிச்சுட்டாகய்யா."

"ஜெயிச்சுட்டமா?"

தாங்கள் ஒருமுறை டி.வி.க்காரர்கள் பக்கம் பார்த்தீர்கள். "ஜெயிச்சுட்டோம்யா" என்றீர்கள்.

ஐயா கழுத்தை நீட்டினார். தாங்கள் தங்கள் கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டீர்கள். யாரோ, "தலையில கை, தலையில கை" என்றார்கள். தாங்கள் குனிந்து அவர் கையை எடுத்துத் தங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். கஸ்தூரியம்மா உள்ளறைக்குப் போய்விட்டார்கள்.

டி.வி.க்காரர் ஒருவர் மைக்கை நீட்டி, "உங்ககிட்ட வேல பாத்தவரு இன்னைக்கு எம்.பி. ஆயிட்டாரு. என்ன சொல்றீங்க ஐயா?" என்றார். ஐயாவுக்குக் கேள்வி புரியவில்லை. வழக்கம்போல அப்பாவைத் தேடினார். அப்பா வாசலிலிருந்து திரும்பி வந்து சுவரோரம் நின்றிருந்தார். இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அப்பா அவருக்கு எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் என்னவென்று கொடுப்பார்?

ஐயா தானாகவே சொன்னார்: "நல்ல பய. என் லெட்டரெல்லாம் அவன்தான் எழுதுவான்."

எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். தாங்களும் சிரித்தீர்கள். ஐயா தங்கள் காதில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "பெட்டிய எடுத்து வையி. மனுக்கட்ட மறந்துறாத. நான் என்ன பேசணும்னு வழியில சொல்லு" என்றார். தாங்கள், "சரிங்கய்யா" என்றீர்கள். பதினாறு வருடம் சொன்ன அதே குரலில் சொன்னீர்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

டி.வி.யில் இதைக் காட்டும்போது 'ஆசானின் ஆசி' என்று எழுத்து ஓடியது. அம்மா மூன்று முறை பார்த்தாள். அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் முதலில் எழுதியது உண்மை, அதை வைத்து ஐயாவின் நாற்காலியை எடுத்துக்கொண்டீர்கள். பிறகு எழுதியது பொய், அதனால் அவர் வாயிலிருந்து தாங்கள் கேட்டிருக்க வேண்டிய ஒரு பதிலும் போய்விட்டது. இதில் தங்கள் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

மாலை ஆறு ஐம்பது. தாங்கள் காரில் ஏறினீர்கள். உடன் அம்மா, ஜெபராஜ். மேளம் தெருமுனை வரை கேட்டது. ஐயா மாலையோடு, மைக் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டபடி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் என்று சொல்ல நான் பக்கத்தில் போனேன். "ஒரு நிமிசம் ஆத்தா, இன்னும் பேசி முடிக்கல" என்றார். டி.வி.க்காரர்கள் வயரைச் சுருட்டினார்கள். பிறகு விளக்குகளை அணைத்தார்கள்.